கச்சானுக்கு ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு வகையான தவறுகளைச் செய்வதுண்டு. முதல் வகைத் தவறை மறுநாட் காலையிலேயே வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சுட்டிக்காட்டிவிடுவார். பெயர் மாறியிருக்கும், அல்லது திகதி பிழைத்திருக்கும். உள்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டால் கணக்கு முடிந்துவிடும். இரண்டாவது வகைத் தவறை எவருமே சுட்டிக்காட்ட மாட்டார்கள். அது தவறென்று தெரியவருவதற்கே பல ஆண்டுகள் செல்லும். நான் செய்த அத்தகைய தவறு ஒன்றைப் பற்றியும், அதனை எனக்கு உணர்த்திய ஆய்வுகளின் வரலாற்றைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகிறேன்.

1998 ஆம் ஆண்டு. கொழும்பில் நாளிதழ் ஒன்றில் நான் இளம் உதவி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பிரித்தானிய அரசாங்கத்தின் நிபுணர் குழு கச்சான் ஒவ்வாமை குறித்து வெளியிட்ட ஆலோசனை, வெளிநாட்டுச் செய்திகளோடு என் மேசைக்கு வந்தது. தமிழகத்தில் நிலக்கடலை, வேர்க்கடலை என்று சொல்வதையே நாம் கச்சான் என்கிறோம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கச்சானைத் தவிர்க்க விரும்பலாம், பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை அதனைக் கொடுக்காதிருப்பது நல்லது என்பது அதன் சாரம். ஆனால் இது எல்லோருக்கும் உரியதன்று. தாய், தந்தை, அல்லது உடன்பிறந்த பிள்ளைக்கு ஆஸ்துமா, கரப்பன் போன்ற ஒவ்வாமை நோய்கள் உள்ள குடும்பங்களுக்கு மாத்திரமே உரியது. செய்தியை மொழிபெயர்த்தேன். பக்கம் கட்டும் வேளையில் விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தது. இடம் போதவில்லை. வழமைபோலச் செய்தியின் வாலை வெட்டினேன். நிபந்தனை இருந்தது அந்த வாலில்தான். மறுநாள், கர்ப்பிணிகள் கச்சான் உண்ணலாகாது என்ற தலைப்போடு அது வெளியாயிற்று.

அப்போது என் அக்கா லண்டனில் முதற் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். சில வாரங்களின் பின்னர் தொலைபேசியில் பேசியபோது சொன்னார்: "தம்பி, நீ பேப்பரிலை போட்டதை அம்மா வாசிச்சுச் சொன்னா. நான் கச்சானைத் தொடுறதேயில்லை." எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவுக்கும் எனக்கும் சிறு வயதில் முட்டு வருத்தம் இருந்தது. ஆகவே வெட்டப்பட்ட அந்த நிபந்தனையின்படி பார்த்தாலும் ஆலோசனை அவருக்குப் பொருந்தவே செய்தது. 1999 இல் மருமகன் பிறந்தான். மூன்று வயதுவரை அவனுக்குக் கச்சான் கொடுக்கப்படவில்லை. நான்காவது வயதில், ஒரு பிறந்தநாள் விழாவில் உண்ட இனிப்பில் கச்சான் கலந்திருந்தது. முகம் வீங்கி, மூச்சுத் திணறி, அவனை நோயாளர் ஊர்தியில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் கச்சான் அவனுக்கு இன்றுவரை நஞ்சு.

கச்சானைத் தவிர்த்ததால்தான் அவனுக்கு ஒவ்வாமை வந்ததா? தனியொரு பிள்ளையை வைத்து இக்கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது. தனியொரு குடும்பத்தின் அனுபவம் எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் அது ஆதாரமாகாது. இத்தகைய கேள்விகளுக்கு விடை காண்பதற்கென்றே விஞ்ஞான உலகம் மிகப் பொறுமையான ஒரு வழிமுறையை வளர்த்தெடுத்திருக்கிறது. பிறப்புத் தொகுதி ஆய்வு என்று அதனைச் சொல்லலாம். ஒரே காலப்பகுதியில், ஒரே இடத்தில் பிறந்த குழந்தைகள் அனைவரையும், அல்லது அவர்களில் பெரும்பாலானோரைப் பதிவு செய்துகொண்டு, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும்வரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதே அது.

நோய் வந்த பின்னர் தாயிடம் போய்ப் பழைய கதையைக் கேட்டால், அவர் தம் நினைவிலிருந்து பேசுவார். நோயுற்ற பிள்ளையின் தாய், தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் ஆயிரம் தடவை எண்ணிப் பார்த்திருப்பார். சுகதேகியான பிள்ளையின் தாய்க்கு அவை நினைவில் இராது. இவ்விரு நினைவுகளையும் ஒப்பிட்டு உண்மை காண்பது கடினம். ஆனால் நோய் வருமா வராதா என்று எவருக்கும் தெரியாத வேளையிலேயே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டால், பின்னர் அந்த ஏடு பொய் சொல்லாது.

புகை மண்டிய நாட்டில் பிறந்தவர்கள்

இந்த வரலாறு ஆஸ்துமாவில் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பிறப்பு வீதம் குறைந்து செல்வதையிட்டு பிரித்தானியா கவலை கொண்டிருந்தது. பிள்ளை பெறுவதற்குக் குடும்பங்களுக்கு எவ்வளவு செலவாகிறது, மகப்பேற்றுச் சேவைகள் எவருக்குக் கிடைக்கின்றன என்பவற்றை அறிவதற்காக, 1946 மார்ச் 3 முதல் 9 வரையான ஒரு வாரத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகியவற்றில் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் விபரம் திரட்டப்பட்டது. 13,687 பிறப்புகள் பற்றிய விபரங்கள் கிடைத்தன. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் ஜேம்ஸ் டக்ளஸ், அத்தோடு நிறுத்திக்கொள்ள மனமின்றி, அவர்களில் 5,362 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கத் தீர்மானித்தார். அன்று தொட்டிலில் கிடந்தவர்கள் 2026 இல் எண்பது வயதை எட்டியவர்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது, 1952 டிசெம்பரில், லண்டன் மாநகரை நச்சுப் புகைமூட்டம் ஐந்து நாட்கள் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிலக்கரிப் புகை முதியோரையும் நோயாளரையும் கொல்லும் என்பதை உலகம் கண்டுகொண்டது. ஆனால் அன்றாடம் அப்புகையைச் சுவாசித்து வளரும் பிள்ளையின் நெஞ்சுக்கு என்ன நேர்கிறது என்பது எவருக்கும் தெரியாதிருந்தது. டக்ளசும் வொலர் என்ற ஆய்வாளரும் 1966 இல் அதற்கு விடையளித்தனர். காற்றின் மாசை அளக்கும் கருவிகள் நாடெங்கும் இல்லாத அக்காலத்தில், ஒவ்வொரு பிரதேசத்திலும் எரிக்கப்பட்ட நிலக்கரியின் அளவைக் கொண்டு அவர்கள் பிரதேசங்களைத் தரம் பிரித்தனர். தடிமன் போன்ற மேற்சுவாசப் பாதை நோய்களுக்கும் மாசுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் மார்புக்குள் இறங்கும் கீழ்ச்சுவாசப் பாதை நோய்கள் மாசோடு சேர்ந்து கூடின. நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கும் தொழிலாளர் வர்க்கப் பிள்ளைக்கும் இதில் வேறுபாடு இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய ஏடு, எவரும் எதிர்பாராத வேறொரு கேள்விக்குப் பின்னொரு காலத்தில் விடை சொல்வதே இந்த ஆய்வுகளின் இயல்பு.

அண்ணன்மாரும் அக்காமாரும்

1958 மார்ச்சிலும் அதேபோல ஒரு வாரம் தெரிந்தெடுக்கப்பட்டது. இம்முறை நோக்கம், குழந்தைகள் பிறக்கும் வேளையிலும் பிறந்த உடனும் இறப்பதற்கான காரணங்களைக் கண்டறிவது. ஏறத்தாழ 17,000 பிறப்புகள் பதிவாயின. உயிர் பிழைத்த குழந்தைகள் ஏழு, பதினொன்று, பதினாறு, இருபத்துமூன்று ஆகிய வயதுகளில் மீண்டும் மீண்டும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டனர்.

இந்த ஏட்டைத்தான் டேவிட் ஸ்ட்ராகன் என்ற தொற்றுநோயியல் ஆய்வாளர் புரட்டினார். மகரந்தக் காய்ச்சல் எனப்படும் தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்பும் கொண்ட ஒவ்வாமை நோய், செல்வ நாடுகளில் ஏன் பெருகி வருகிறது என்பது அவரது கேள்வி. குடும்பச் சூழலோடு தொடர்புடைய பதினாறு காரணிகளை அவர் பரிசீலித்தார். அவற்றுள் ஒன்று தனித்துத் தெரிந்தது. வீட்டில் மூத்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட, இளைய பிள்ளைக்கு மகரந்தக் காய்ச்சல் வரும் வாய்ப்புக் குறைந்தது. அண்ணன்மாரும் அக்காமாரும் பாடசாலையிலிருந்து கொண்டுவரும் தொற்றுகள், கைக்குழந்தையின் நோயெதிர்ப்பு முறைமையைப் பயிற்றுவித்து ஒவ்வாமையிலிருந்து காக்கின்றன போலும் என்று அவர் ஊகித்தார். 1989 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான அந்தக் கட்டுரை மிகச் சிறியது. ஆனால் சுகாதாரக் கருதுகோள் என்ற பெயரில் அது கிளப்பிய விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

அதே மாதத்தில்தான் பேர்லின் சுவர் வீழ்ந்தது. ஜேர்மனிய மருத்துவரான எரிக்கா வொன் மூடியுஸ் மேற்கிலிருந்து கிழக்குக்குச் சென்று இரு பகுதிகளின் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். தொழிற்சாலைப் புகையில் மூழ்கிய லைப்சிக் நகரத்துப் பிள்ளைகளிடையே ஒவ்வாமை நோய்கள் மிகுந்திருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. கண்டதோ நேர்மாறு. நெஞ்சுச்சளி நோய் கிழக்கில் அதிகம், ஆனால் மகரந்தக் காய்ச்சலும் ஒவ்வாமையும் தூய காற்றுள்ள மியூனிக் நகரத்திலேயே அதிகம். நாடு இணைந்து மேற்கின் வாழ்க்கை முறை கிழக்கே பரவிய பின்னர் லைப்சிக்கிலும் மகரந்தக் காய்ச்சல் கூடத் தொடங்கியது. மாசும் ஒவ்வாமையும் ஒன்றல்ல என்ற பாடம் அங்கே கிடைத்தது.

எங்களவர்கள், அதாவது பத்திரிகையாளர்கள், இக்கருதுகோளை எப்படி வெளியிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அழுக்கு நல்லது, பிள்ளைகளைச் சேற்றில் விளையாட விடுங்கள் என்ற தலைப்புகளை உலகெங்கும் கண்டோம். ஸ்ட்ராகன் அப்படிச் சொல்லவில்லை. கைகழுவுவதை நிறுத்துமாறும் அவர் கூறவில்லை. வயிற்றோட்டத்தால் குழந்தைகள் இறக்கும் நாடுகளில் அத்தகைய தலைப்பு எத்துணை ஆபத்தானது என்பதை எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. மனிதரோடு தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் நுண்ணுயிர்கள் குழந்தையைச் சேர்கின்றனவா என்பதே கேள்வி, அழுக்கின் அளவு அல்ல என்று பின்வந்தோர் விளக்கினர். விளக்கம் தலைப்பாகவில்லை.

1958 இன் குழந்தைகளைப் பற்றி மேலும் ஒரு செய்தி. ஆஸ்துமாவோடு தொடர்புடைய மரபணுப் பகுதி ஒன்று பதினேழாவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 2007 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஜேர்மனியப் பிள்ளைகளிடம் கண்டதை அவர்கள் உறுதிசெய்து பார்த்தது, 1958 இல் அந்த ஒரு வாரத்தில் பிறந்தவர்களின் மரபணுக்களில்தான். குழந்தை மரணத்தைத் தடுப்பதற்காகத் திறந்த ஏடு, நாற்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் மரபணுவைப் பற்றியும் சாட்சி சொன்னது.

பாலைவனத்து நகரம்

முட்டு வருத்தக்காரரின் பெற்றோருக்கு மிகுந்த ஆறுதல் தந்த ஆய்வு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற பாலைவன நகரத்தில் நடந்தது. உலர்ந்த காற்று நெஞ்சுக்கு நல்லதென்று நம்பி, நோயாளர் பலர் குடிபெயர்ந்து வந்த நகரம் அது. அவ்வாறு வந்தும் அங்கு ஆஸ்துமா குறையவில்லை. ஈரப்பதன் உள்ள ஊர்களில் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுப்பூச்சி அப்பாலைவனத்தில் அரிது. ஆனால் அந்த இடத்தை அல்டர்னேரியா என்னும் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருந்தது.

1980 ஆம் ஆண்டு தொடங்கி 1,246 பச்சிளங் குழந்தைகள் அங்கு சேர்க்கப்பட்டனர். லின் டோசிக் தொடக்கிவைத்த இப்பணியைப் பின்னர் பெர்னாண்டோ மார்ட்டினெஸ் முன்னெடுத்துச் சென்றார். குழந்தைகள் முதன்முறை நெஞ்சுநோய் காணும் முன்னரேயே, சிலரது சுவாசக் குழாய்களின் செயற்றிறனை அவர்கள் அளந்து வைத்திருந்தனர். 1995 ஜனவரியில் வெளியான கட்டுரையில் 826 பிள்ளைகளின் முதல் ஆறு ஆண்டுகள் ஆராயப்பட்டன. அவர்களில் 51.5 சதவீதத்தினருக்கு ஒருபோதும் இழுப்பு வரவில்லை. 19.9 சதவீதத்தினருக்கு மூன்று வயதுக்கு முன்னர் வந்து, ஆறு வயதாகும்போது நின்றுவிட்டது. 15 சதவீதத்தினருக்குப் பிந்தித் தொடங்கியது. 13.7 சதவீதத்தினருக்கு முன்னரும் இருந்தது, ஆறு வயதிலும் இருந்தது.

இப்புள்ளிவிபரத்தின் பொருளை எளிதாகச் சொல்வதானால், கைக்குழந்தைக்கு வரும் இழுப்பெல்லாம் ஆஸ்துமா அன்று. வந்து நின்றுபோன பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே சுவாசக் குழாய்களின் செயற்றிறன் குறைந்திருந்தது. அவர்களின் தாய்மார் புகைபிடிப்பவர்களாக இருக்கும் வாய்ப்பும் அதிகமாயிருந்தது. ஆனால் ஒவ்வாமை அங்கு காரணமாக இருக்கவில்லை. தொடர்ந்து துன்புற்ற பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களின் தாய்மாருக்கு ஆஸ்துமா இருந்தது, இரத்தத்தில் ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தது. ஒரே சத்தமாகக் காதில் விழும் இழுப்புக்குள் பல நோய்கள் மறைந்திருப்பதை, பிறப்பிலிருந்து பின்தொடராமல் கண்டிருக்கவே முடியாது.

வளர வளர விட்டுவிடுமா?

"வளர வளர விட்டுவிடும்" என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள டனீடன் நகரத்தில், 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையில் ஒரே மகப்பேற்று வைத்தியசாலையில் பிறந்த 1,037 பேரைப் பின்தொடரும் ஆய்வு இதற்கு விடை சொன்னது. பில் சில்வா தொடக்கிய ஆய்வு அது. மல்கம் சியர்ஸ் தலைமையிலான குழு, ஒன்பது வயதிலிருந்து இருபத்தாறு வயதுவரையான விபரங்களை 2003 இல் வெளியிட்டது. நால்வரில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு இழுப்பு சிறுவயது முதல் தொடர்ந்தது, அல்லது நின்றுபோய்ப் பின்னர் மீண்டும் வந்தது. தூசுப்பூச்சி ஒவ்வாமை உள்ளோருக்கும், சிறு வயதிலேயே நோய் தொடங்கியோருக்கும், பெண்களுக்கும், புகைபிடிப்போருக்கும் அவ்வாறு நேரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. பலருக்கு விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். விட்டதாக நினைத்தவர்களில் ஒரு பகுதியினரிடம் அது திரும்பி வருகிறது என்பதும் உண்மை. எனக்கு அது முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்தது.

டனீடன் ஆய்வின் பெருமை, எவரையும் கைவிடாமையே. பங்கேற்றோர் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், ஆய்வின் செலவிலேயே பிறந்த ஊருக்கு அழைத்து வந்து பரிசோதிக்கிறார்கள். நாற்பத்தைந்தாவது வயதில், அப்போது உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள்.

ஆயினும் ஓர் ஆய்வு மாத்திரம் முடிந்த முடிபாகாது. தாய்ப்பால் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தடுக்கவில்லை என்று டனீடன் குழு 2002 இல் கூறியபோது, அதற்கு மாறான முடிவுகளை வேறு ஆய்வாளர்கள் முன்வைத்தனர். தாய்ப்பாலின் ஏனைய நன்மைகள் பற்றி எத்தரப்பும் ஐயம் எழுப்பவில்லை. ஜேர்மனியில் 1990 இல் ஐந்து நகரங்களில் பிறந்த 1,314 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் பழைய நம்பிக்கை ஒன்றை அசைத்தது. தூசுப்பூச்சியும் பூனையும் மிகுந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அவற்றின்மீது ஒவ்வாமை கொண்டனர். ஆனால் அதனால் அவர்களுக்கு ஆஸ்துமா கூடுதலாக வரவில்லை என்று 2000 ஆம் ஆண்டில் அக்குழு அறிவித்தது.

கச்சானின் கதை

இனி, நான் வெட்டிய அந்த வாலுக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் வைட் தீவு இருக்கிறது. டேவிட் ஹைட் என்ற குழந்தை மருத்துவர், 1989 ஜனவரி முதல் 1990 பெப்ரவரி வரை அத்தீவில் பிறந்த குழந்தைகளில் 1,456 பேரைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வாமை ஆய்வைத் தொடங்கினார். நான்கு வயதில் பரிசோதிக்கப்பட்ட 1,218 பிள்ளைகளில் ஆறு பேருக்குக் கச்சான் உண்டபோது ஒவ்வாமை ஏற்பட்டிருந்தது. தொகை சிறிதுதான். ஆனால் சில ஆண்டுகள் பிந்திப் பிறந்த வைட் தீவுப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, தோற்சோதனையில் கச்சானுக்கு உணர்திறன் காட்டியோர் 1.1 சதவீதத்திலிருந்து 3.3 சதவீதமாகப் பெருகியிருந்தனர். ஹைட் மறைந்த பின்னர் ஹசன் அர்ஷாத் தலைமையில் ஆய்வு தொடர்ந்தது. அந்தக் குழந்தைகள் இன்று பெற்றோர்களாகிவிட்டனர். அவர்களின் குழந்தைகளும் ஏட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

பிரிஸ்டல் நகரை அண்டிய ஏவன் பிரதேசத்தில், ஜீன் கோல்டிங் தலைமையில், 1991 - 1992 காலப்பகுதியில் 14,000 க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து இன்னொரு பேராய்வு தொடங்கியிருந்தது. கிடியன் லாக் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 2003 இல் அந்த ஏட்டில் கச்சான் ஒவ்வாமையின் மூலத்தைத் தேடினர். கர்ப்ப காலத்தில் தாய் உண்ட கச்சானுக்கும் பிள்ளையின் ஒவ்வாமைக்கும் தொடர்பிருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தோலில் வெடிப்பும் கசிவும் கொண்ட கரப்பன் இருந்த பிள்ளைகளுக்கும், கச்சான் எண்ணெய் கலந்த களிம்புகள் பூசப்பட்ட பிள்ளைகளுக்கும் ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. வாய் வழியாக உடலுக்குள் செல்லும் உணவை உடல் உறவாக ஏற்றுக்கொள்கிறது, சிதைந்த தோல் வழியாக நுழைவதைப் பகையாகக் கருதுகிறது என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது.

2008 இல் அதே மருத்துவர் வேறொரு ஒப்பீட்டை வெளியிட்டார். பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளில் 1.85 சதவீதத்தினருக்குக் கச்சான் ஒவ்வாமை. இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளிலோ 0.17 சதவீதத்தினருக்கு மாத்திரமே. பிரித்தானியக் குழந்தைகளுக்குக் கச்சான் மறுக்கப்பட்டு வந்தது. இஸ்ரேலியக் குழந்தைகளோ பல் முளைக்கும் பருவத்திலிருந்தே கச்சான் கலந்த பம்பா என்ற தின்பண்டத்தை உண்டு வளர்ந்தார்கள்.

இவையெல்லாம் ஊகத்தை வலுப்படுத்தின. ஆனால் பின்தொடரும் ஆய்வு எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை, கவனித்து எழுதுவதோடு அதன் பணி முடிகிறது. மாற்றிப் பார்ப்பதற்குப் பரீட்சார்த்த ஆய்வு வேண்டும். கடுமையான கரப்பன் அல்லது முட்டை ஒவ்வாமை கொண்ட 640 கைக்குழந்தைகள் லண்டனில் இரு பிரிவாக்கப்பட்டனர். நான்கு முதல் பதினொரு மாதத்துக்கிடையில் தொடங்கி, ஒரு பிரிவுக்குக் கச்சான் உணவு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவுக்கு ஐந்து வயதுவரை மறுக்கப்பட்டது. 2015 இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. தொடக்கத் தோற்சோதனையில் ஒவ்வாமை காட்டாதிருந்த குழந்தைகளில், தவிர்த்தோரில் 13.7 சதவீதத்தினருக்கும் உண்டோரில் 1.9 சதவீதத்தினருக்குமே கச்சான் ஒவ்வாமை காணப்பட்டது. காப்பதற்கென்று கூறப்பட்ட ஆலோசனை, அதற்கு நேர்மாறான திசையில் இருந்திருக்கிறது.

பிரித்தானியா தனது 1998 ஆம் ஆண்டு ஆலோசனையை 2009 இலேயே விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார் பிள்ளையின் நன்மை கருதிக் கச்சானைத் தவிர்த்தார்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆலோசனை கூறியவர்களும் தீய எண்ணத்தோடு கூறவில்லை. ஆதாரம் போதாத இடத்தில் எச்சரிக்கையாக இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணினார்கள். எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்பது பிந்தித்தான் தெரிந்தது.

நிலையான முகவரி

இந்த ஆய்வுகளைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கேள்வி என்னை விடாது பின்தொடர்கிறது. பிள்ளை பிறந்த நாளில் எழுதிக்கொண்ட முகவரியில் பத்து ஆண்டுகளின் பின்னரும் அந்தக் குடும்பம் இருந்தால்தான் இத்தகைய ஏடு வளரும். வைட் தீவின் குழந்தைகள் பிறந்த அதே 1989 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கிறேன். 1995 ஒக்டோபர் இறுதியில் ஆறு வயதில் அது வலிகாமத்தை விட்டு நடந்திருக்கும். பின்னர் தென்மராட்சியோ, வன்னியோ, கொழும்போ, கடல் கடந்த நாடோ. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது எத்தனை முகவரிகள்? கதவைத் தட்டி, "இப்போது இழுப்பு எப்படி?" என்று கேட்க வந்த தாதி எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? நீண்டகால ஆய்வுக்குப் பணமும் அறிவும் மட்டும் போதா. அமைதியும் வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் எந்த ஏட்டிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2009 இல் சிங்கப்பூரில் தொடங்கிய பிறப்புத் தொகுதி ஆய்வொன்று, சீன, மலாய்த் தாய்மாரோடு இந்தியத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வாமை உட்படப் பலவற்றை ஆராய்ந்து வருகிறது. தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வாழும் நாடு அது. இலங்கையிலும் 2019 இல் அனுராதபுர மாவட்டத்தில் கர்ப்பிணிகளைப் பின்தொடரும் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. இத்தகைய ஆய்வில் சேருமாறு உங்களில் எவரையேனும் கேட்டால், நேரமில்லை என்று தட்டிக்கழித்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஐரோப்பியக் குழந்தைகளின் ஏடு எங்கள் பிள்ளைகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

மருமகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். நெடிதுயர்ந்த இளைஞன். சட்டைப் பையில் அட்ரினலின் ஊசிப் பேனை எப்போதும் இருக்கும். வீதியோரக் கச்சான் கடைகளின் வரிசையைக் கண்டதும் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார், சிறு பிள்ளையைப் பிடிப்பதுபோல. திரும்பி வரும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, அப்ப நான் கச்சான் சாப்பிட்டிருந்தால் இவனுக்கு இது வந்திருக்காதோ?" ஏவன் ஆய்வு கூறியதைச் சொன்னேன். கர்ப்பத்தில் நீங்கள் உண்டதோ உண்ணாததோ காரணமென்று அங்கே காணவில்லை என்றேன். மூன்று வயதுவரை கொடுக்காதிருந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதனை இங்கே எழுதுகிறேன். அக்கா இதனை வாசிப்பார் என்பது தெரியும். அன்று அறிந்த அளவில் நீங்கள் சரியானதையே செய்தீர்கள், அக்கா.

பத்திரிகையில் திருத்தம் மறுநாளே வெளியாக வேண்டும். இது கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்திய திருத்தம். ஆகையால் வாலை வெட்டாமல் முழுமையாக எழுதுகிறேன்.

1998 இல் நான் வெளியிட்ட செய்தியில், கர்ப்பிணிகள் அனைவரும் கச்சானைத் தவிர்க்க வேண்டும் என்று பொருள்படக் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த ஆலோசனை ஒவ்வாமைப் பின்னணி கொண்ட குடும்பங்களுக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. அவ்வாலோசனையும் 2009 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. திட உணவு தொடங்கும் பருவத்தில் குழந்தைக்குக் கச்சானை உரிய வடிவில் அறிமுகப்படுத்துவது ஒவ்வாமையைத் தடுக்க உதவும் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. முழுக் கச்சானைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். நன்கு அரைத்தே கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பன் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையாயின், முதலில் வைத்தியரைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

தவறுக்கு வருந்துகிறேன்.